பழைய பைக்கில் பெட்டரி நிற்கவில்லை என்றால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இன்னும் பழைய பைக்குகள்தான் நிறைய ஓடுகின்றன. ஹொண்டா சிடி 125, சிடி 200, எம்டி 90, சிஜி 125, அப்புறம் இந்தியாவில் இருந்து வந்த 100 சிசி பைக்குகள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, விற்றுவிடலாம் என்று நினைத்திருந்த பைக்கைக்கூடப் பலர் திருத்தி வைத்துக்கொண்டார்கள். இன்ஜின் பெரும்பாலும் உழைத்துக்கொண்டே இருக்கும். தொல்லை கொடுப்பது கரண்ட் பகுதிதான். கரண்டில் என்ன கோளாறு என்றாலும் பழி பெட்டரி மேல் விழும். பெட்டரி மாற்றியும் சரிவரவில்லை என்றால், அடுத்து எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “கொஞ்சம் பெரிய பெட்டரி போட்டுப் பாருங்க.”

அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள். பெட்டரியின் அளவு தானாகக் கோளாறாக இருப்பது மிகவும் குறைவு. உள்ளே வரும் கரண்டும் வெளியே போகும் கரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம். அதிலும் நம் மலைப் பாதையில் பைக் ஓட்டும் முறைக்கும் அந்தக் கணக்குக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

கையில் என்ன வேண்டும்

ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். மணல் தாள் ஒரு துண்டு, ஸ்பேர் பியூஸ் ஒன்று, ஸ்பேனர் செட், நல்ல டோர்ச். பெட்டரியைக் கழற்றும்போது மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது மைனஸைக் கடைசியில் பூட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பைக்கின் பொடியில் (இரும்புச் சட்டத்தில்) பட்டுப் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பெட்டரியில் இருந்து வரும் வாயு பற்றி எரியக் கூடியது. அசிட் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் பைக் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பெயரில் வந்த பைக்கே ஒரு காலத்தில் 6 ஆகவும் பிறகு 12 ஆகவும் வந்திருக்கிறது. அசிட் ஊற்றும் பெட்டரி என்றால் மேலே உள்ள மூடிகளை எண்ணுங்கள்: மூன்று என்றால் 6 வோல்ட், ஆறு என்றால் 12 வோல்ட். யாராவது ஏற்கெனவே தவறான பெட்டரியை வைத்திருக்கவும் கூடும் என்பதால் ஒரு பல்பையும் கழற்றி, அதன் அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்று அளவுகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த மூன்றையும் எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டுபோனாலும் இது உதவும்.

முதல் அளவு, ஓய்வில். இரவு முழுக்க நிறுத்திய பைக்கில், காலையில் சாவி போடுவதற்கு முன் பெட்டரியின் இரண்டு டெர்மினலிலும் மீட்டரை வையுங்கள். 12.6 முதல் 12.8 வரை வந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான். 11.8 என்றால் காலி. 6 வோல்ட் பெட்டரிக்கு இவற்றைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஓட்டி வந்த உடனே பார்த்தால் கூடுதலாகக் காட்டும், அதை நம்ப வேண்டாம். நல்ல நேரம் சார்ஜ் போட்டு ஓய விட்ட பிறகும் 12 வோல்ட் பெட்டரி 10.5 பக்கத்திலேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. அதை எந்தச் சார்ஜரும் மீட்காது.

இரண்டாவது அளவு, சுமையில். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு சாவியைப் போட்டு பிரேக்கை மிதியுங்கள், ஹோர்ன் அடியுங்கள். கொஞ்சம் இறங்கும், அது சாதாரணம். செல்ஃப் ஸ்டார்ட்டர் உள்ள பைக் என்றால் செல்ஃப் சுற்றும்போது 9.5க்குக் கீழே போகக் கூடாது. ஓய்வில் 12.6 காட்டிய பெட்டரி செல்ஃப் தொட்டதும் 7, 8 என்று விழுந்தால், அந்தப் பெட்டரிக்கு வோல்ட் இருக்கிறது, வலு இல்லை.

மூன்றாவது அளவு, ஓட்டத்தில். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு, அக்சிலேட்டரை நன்றாகக் கூட்டிப் பிடியுங்கள். 4,000, 5,000 சுற்று வர வேண்டும். பெட்டரியில் 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜ் சரி. பெட்டரி இறங்கியிருந்த சின்ன பைக்கில் 13க்குக் கொஞ்சம் மேலே நின்றாலும் பரவாயில்லை, அது மெதுவாக ஏறிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். கூட்டியும் 12.5லேயே நின்றால் சார்ஜ் வரவில்லை. 15க்கு மேல் போனால், சார்ஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை.

இனி அறிகுறிகள்.

புதுப் பெட்டரி போட்டும் சில நாளில் இறங்கிவிடுகிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். இங்கே இரண்டு வழி இருக்கிறது: சார்ஜ் வரவில்லை, அல்லது வருவதைவிடச் செலவு அதிகம். மூன்றாவது அளவு இதைப் பிரித்துக் காட்டிவிடும்.

சார்ஜ் வரவில்லை என்றால் மேக்னெட்டில் (இன்ஜினோடு காந்தம் சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் பகுதி) இருந்து ரெகுலேட்டருக்குப் போகும் கனெக்டரை முதலில் கழற்றிப் பாருங்கள். நம் பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் இந்த பிளாஸ்டிக் கனெக்டர்கள் தாக்குப் பிடிப்பதில்லை. பின் பச்சை பிடித்திருக்கும், அல்லது சூடாகிப் பழுப்பு நிறமாகி உருகியிருக்கும். மணல் தாளால் தேய்த்து இறுக்கிப் பூட்டினாலே சரியாகிவிடும் பைக்குகள் நிறைய.

கனெக்டர் சரி என்றால் மேக்னெட்டுக்குள் இருக்கும் கொயிலைப் பார்க்க வேண்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். ஹொண்டாவிலும் அதன் வழிவந்த இந்திய பைக்குகளிலும் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: பச்சை எர்த் (பொடியோடு சேரும் மைனஸ்), சிவப்பு பெட்டரி பிளஸ், கறுப்பு சாவி வழியாக வரும் கரண்ட். சின்ன பைக்குகளில் வெள்ளை சார்ஜ் கொயில், மஞ்சள் லைட் கொயில். வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவில் அளந்தால், அக்சிலேட்டர் கூட்டக் கூட்ட ஏசி வோல்ட் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஏறினால் கொயில் நல்லது, கோளாறு ரெகுலேட்டரிலோ நடுவில் உள்ள வயரிலோ இருக்கிறது. ஏறவில்லை என்றால் கொயில் எரிந்திருக்கலாம், அல்லது உள்ளே வயர் அறுந்திருக்கலாம்.

பெரிய பைக்குகள் சிலவற்றில் மூன்று மஞ்சள் வயர் வரும். அங்கே கனெக்டரைக் கழற்றிவிட்டு, இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் அளக்க வேண்டும். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஒரு ஜோடி குறைந்தால் கொயில் கோளாறு. இங்கே நல்ல பாஸ்மாரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. மூன்று மஞ்சள் வயர் உள்ள பைக்கில், எந்த மஞ்சளுக்கும் பொடிக்கும் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் கொயில் ஷோர்ட். ஆனால் வெள்ளை, மஞ்சள் என்று வரும் சின்ன பைக்குகள் பலவற்றில் கொயிலின் ஒரு முனை எர்த்திலேயே பூட்டப்பட்டிருக்கும், ஆகவே தொடர்பு காட்டத்தான் செய்யும். அதைப் பார்த்து ‘கொயில் ஷோர்ட்’ என்று நல்ல கொயிலைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

கொயில் கட்டக் கொடுப்பதாக இருந்தால், பழைய வயரின் தடிப்பும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாமல் கட்டச் சொல்லுங்கள். கட்டிய கொயில் சார்ஜ் தரவில்லை என்று வரும் பைக்குகளில் பெரும்பாலும் சுற்றுத்தான் குறைந்திருக்கும்.

சரி, சார்ஜ் வருகிறது, 14 காட்டுகிறது, ஆனாலும் பெட்டரி இறங்குகிறது என்றால்? அப்போது செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பைக்கில் பிரேக் லைட் பல்பு 21 வாட், அதாவது 1.75 அம்பியர். பின் லைட் 5 வாட், 0.4 அம்பியர். ஹோர்ன் அழுத்தும்போது 2 அம்பியர் அளவில் இழுக்கும். ஹெட்லைட் பெட்டரியில் இருந்து எரியும் பைக் என்றால் 35 வாட் பல்புக்கு 3 அம்பியர். தீப்பொறிக்கான கரண்டைத் திறந்து மூடும் பிளாட்டினம் பொயின்ட் உள்ள சிடி 125, சிடி 200 போன்றவற்றில் இக்னிஷன் கொயிலும் பெட்டரியில் இருந்துதான் கரண்ட் எடுக்கிறது.

இப்போது நம் ஆட்கள் மலை இறங்கும் விதத்தைப் பாருங்கள். பெற்றோலை மிச்சம் பிடிக்க, இறக்கம் வந்ததும் இன்ஜினை நிறுத்தி நியூட்ரலில் விடுகிறார்கள். 2022இல் பெற்றோல் கியூஆர் கோட்டாவில் கிடைத்த காலத்தில் இந்தப் பழக்கம் இன்னும் கூடியது. கினிகத்தேனையில் இருந்து கித்துல்கல பக்கமாக இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாவி ஓனில் இருக்கிறது, கால் பிரேக்கில் இருக்கிறது, வளைவுக்கு வளைவு ஹோர்ன். அரை மணி நேரம் இப்படிப் போனால் 5 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள பெட்டரியில் கால்வாசி போய்விடும். ஹெட்லைட்டும் பெட்டரியில் எரிந்தால் பாதிக்கு மேல் போகும். திரும்ப ஏற்றுவதற்கு அந்த அரை மணியில் காந்தம் ஒரு சுற்றும் சுற்றவில்லை. அதே இறக்கத்தை மூன்றாம் கியரில் இறங்கினால் இன்ஜினை பைக்கின் வேகமே சுற்றும், காந்தம் சுற்றும், சார்ஜ் ஏறும். அக்சிலேட்டரை மூடிவிட்டு இறங்கும்போது காபரேட்டர் குடிக்கும் பெற்றோல் மிகவும் கொஞ்சம். பிரேக்கும் சூடேறாது. ராதல்ல குறுக்குப் பாதை போன்ற செங்குத்தான இறக்கத்தில் இன்ஜினை நிறுத்திக்கொண்டு டிரம் பிரேக்கை மட்டும் நம்பிப் போவது உயிரோடு விளையாடுவது. பெட்டரிக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவாவது கியரில் இறங்குங்கள்.

கொட்டகலையில் ஒரு கராஜில் பார்த்தது. தோட்டத்தில் சுப்பர்வைசராக இருக்கும் ஒரு தம்பி சிடி 125ஐத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, புதுப் பெட்டரி. மூணு நாள்தான் நிக்குது. 9 அம்பியர் போட்டா சரி வருமா?”

“இருங்க தம்பி. மொதல்ல பைக்க உள்ளுக்கு, இருட்டுக்குக் கொண்டாங்க.”

கராஜின் இருட்டான மூலையில் சாவியைப் போட்டதும் பின் சுவர் சிவப்பாகத் தெரிந்தது. யாரும் பிரேக்கைத் தொடவில்லை. வலது பக்கம், பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்ச்சில் இருந்து ஒரு ஸ்பிரிங் பெடலுக்கு இறங்குகிறது. பிரேக் சூ தேய்ந்து பெடலை அட்ஜஸ்ட் செய்த யாரோ சுவிட்சை மறந்துவிட்டார்கள். ஸ்பிரிங் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே நின்றது. பாஸ் இரண்டு விரலால் சுவிட்சின் பொடி திரும்பாமல் பிடித்துக்கொண்டு, கீழே உள்ள பிளாஸ்டிக் நட்டை மட்டும் மெதுவாகத் திருப்பினார். சுவரில் இருந்த சிவப்பு மறைந்தது. பெடலை ஒரு விரல் அளவு அழுத்தினார், எரிந்தது, விட்டார், அணைந்தது.

அந்த நட்டைத்தான் திருப்ப வேண்டும். சுவிட்சைப் பிடித்துத் திருப்பினால் மேலே உள்ள வயர்கள் முறுக்கி அறுந்துவிடும். உங்கள் பைக்கையும் ஒருமுறை இருட்டில் நிறுத்திப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் இந்த லைட் கண்ணில் படாது.

இரவு நிறுத்திய பைக் காலையில் செத்துக் கிடக்கிறது

சாவி ஓஃப்பில் இருக்கும்போதே எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. மீட்டரை அம்பியருக்கு மாற்றி, சிவப்பு வயரை 10 அம்பியர் துளையில் செருகுங்கள். பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பெட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரைப் பிடியுங்கள். பழைய பைக்கில் அலாம் மாதிரி எதுவும் பூட்டவில்லை என்றால் பூச்சியம் காட்ட வேண்டும். மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும்.

ஏதாவது காட்டினால் ரெகுலேட்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். பூச்சியத்துக்கு இறங்கினால் ரெக்டிஃபயரின் (ஏசியை டிசியாக்கும் பகுதியின்) டயோட் பின்பக்கமாக ஒழுகுகிறது, அதை மாற்ற வேண்டியதுதான். இறங்கவில்லை என்றால் அலாம், போன் சார்ஜர், கூடுதல் லைட் என்று பின்னால் பூட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். அடுத்தது சாவி சுவிட்ச். பல வருட மழை இறங்கிய சுவிட்சில் உள்ளுக்குள் ஒழுக்கு வரும்.

எந்த ஒழுக்கும் இல்லாமலும் காலையில் வோல்ட் விழுந்திருந்தால், பெட்டரி உள்ளுக்குள்ளேயே தன்னைத் தின்கிறது. அப்போது மட்டும் பெட்டரியை மாற்றுங்கள்.

பொயின்ட் உள்ள பைக்கில் இன்னொன்றும் உண்டு. இன்ஜின் நின்ற பிறகு சாவியை ஓனில் மறந்துவிட்டால், பொயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் கொயில் 3 அம்பியர் அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டரியும் போகும், கொயிலும் கொதித்துக் கெடும்.

செல்ஃப் ‘டிக் டிக்’ என்கிறது, சுற்றவில்லை

டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். மைனஸ் வயர் சேசியில் பூட்டும் இடத்தையும் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் தேய்த்துப் பூட்டுங்கள். அதற்குப் பிறகும் அதே சத்தம் என்றால் இரண்டாவது அளவைப் பாருங்கள், 9.5க்குக் கீழே விழுகிறதா என்று.

நுவரெலியாவில் மார்கழி, தை மாதக் காலைகளில் மட்டும் இப்படி வருகிறது என்றால் பயப்பட வேண்டியதில்லை. குளிரில் பெட்டரி தரும் வலு குறையும், இன்ஜின் ஒயிலும் தடித்து நிற்கும். அந்த மாதங்களில் முதல் ஸ்டார்ட்டைக் கிக்கில் எடுங்கள். ஆனால் பகல் வெயிலிலும் செல்ஃப் திணறினால் குளிரைக் காரணம் சொல்ல முடியாது.

பல்புகள் அடிக்கடி போகின்றன, அசிட் வற்றுகிறது

இது மற்றதற்கு எதிர்ப் பக்கம்: சார்ஜ் அதிகம். பெட்டரி பக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் வரும், பெட்டி உப்பும், பக்கத்து இரும்பு அரித்திருக்கும். மூன்றாவது அளவு 15ஐத் தாண்டும்.

ரெகுலேட்டரை வாங்குவதற்கு முன் அதன் எர்த்தைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் எர்த் வயரிலும் மற்றதைப் பெட்டரி மைனஸிலும் வையுங்கள். ஏறக்குறைய பூச்சியம் வர வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. ரெகுலேட்டர் தவறான அளவைப் பார்த்துக்கொண்டு கூடுதலாக ஏற்றக் கூடும். சில பைக்குகளில் ரெகுலேட்டருக்கு ஒரு கறுப்பு வயர் தனியாகப் போகும், பெட்டரியின் அளவை அது அந்த வயரில்தான் பார்க்கிறது. சாவி சுவிட்ச் பழுதாகி அந்த வழியில் வோல்ட் குறைந்தாலும் இதே கதைதான்.

பழைய 6 வோல்ட் ஹொண்டாக்களில் கதை வேறு. அவற்றில் பலவற்றுக்கு ரெகுலேட்டரே கிடையாது. கொயில் தருவதைப் பல்புகள் தின்பதுதான் அங்கே கட்டுப்பாடு. ஆகவே ஹெட்லைட் பல்பு போனால், மிஞ்சிய வோல்ட் பின் லைட்டுக்குப் போய் அதையும் சில நிமிடத்தில் எரித்துவிடும். புத்தகத்தில் சொன்ன வாட் பல்பையே போட வேண்டும். குறைந்த வாட் பல்போ எல்ஈடியோ போட்டால் பெட்டரி கொதிக்கும், கூடிய வாட் போட்டால் சார்ஜ் குறையும்.

பெட்டரி இல்லாமல், அல்லது பெட்டரி டெர்மினல் தளர்ந்து ஓட்டினாலும் பல்புகள் போகும்.

அக்சிலேட்டர் குறைத்தால் ஹெட்லைட் மங்குகிறது

கிக் மட்டும் உள்ள சின்ன பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் மேக்னெட்டில் இருந்து நேரே எரிகிறது, பெட்டரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஐட்லிங்கில் மங்கி, கூட்டினால் பிரகாசிப்பது அதன் இயல்பு. அதற்காகப் பெரிய பெட்டரி வாங்கினால் லைட் ஓர் இம்மிகூடக் கூடாது. இன்ஜினை நிறுத்திச் சாவியைப் போட்டு ஹெட்லைட் சுவிட்சைத் தட்டுங்கள். எரியவில்லை என்றால் இந்த வகைதான். மூடுபனியில் இன்ஜினை நிறுத்தி இறங்கினால் இந்த பைக்கில் முன் லைட்டே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெட்டரி இறங்கினால் கிக்கிலும் ஸ்டார்ட் ஆகவில்லை

சிடிஐ (பொயின்ட் இல்லாத எலக்ட்ரொனிக் இக்னிஷன்) உள்ள பைக்குகளில் பல, மேக்னெட்டில் இருந்தே தீப்பொறிக்குக் கரண்ட் எடுக்கும். அவை பெட்டரி செத்தாலும் கிக்கில் எழும்பும். பெட்டரி கொயில் உள்ள சிடி 125, சிடி 200 போன்றவை பெட்டரி முழுக்கக் காலியானால் எழும்பாது. தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் வீண். உங்களுடையது இந்த வகை என்றால் பெட்டரிக்கு நீங்கள் கொடுக்கும் கவனம் இரண்டு மடங்காக இருக்க வேண்டும்.

மழையில் எல்லாமே திடீரென்று போய்விடுகிறது, பிறகு வருகிறது

முதலில் பியூஸ் பிடிக்கும் கிளிப். கண்ணாடிப் பியூஸ் பார்வைக்கு நன்றாக இருக்கும், கிளிப் பச்சை பிடித்துத் தளர்ந்திருக்கும். பியூஸை விரலால் உருட்டிப் பாருங்கள், லைட் விட்டுவிட்டு எரிந்தால் கோளாறு அங்கேதான். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ வயரையோ பியூஸுக்குப் பதிலாகச் சுற்றாதீர்கள். ஷோர்ட் ஆனால் வயரிங் முழுவதும் எரியும்.

அப்படியானால் எந்த அளவுப் பெட்டரி?

பைக்கோடு வந்த அளவே சரியான அளவு. கிக் மட்டும் உள்ள 100 சிசி பைக்குகள் பலவற்றுக்கு 2.5 அம்பியர்-மணி. செல்ஃப் வந்தால் 5 அளவில். பழைய பல்சர் 150க்கு 9. பெரியதைப் போட்டால் கொயில் எரிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி எரியாது. பெரியது போட்டால் சார்ஜ் கூடும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அதுவும் நடக்காது. பீலியில் வரும் தண்ணீர் அதே அளவுதான், கீழே வாளியை வைத்தாலும் பீப்பாயை வைத்தாலும். மேக்னெட் தரும் கரண்ட் பைக்கைச் செய்தபோதே முடிவானது.

உண்மையான பாதிப்பு வேறு. செலவு போக மிஞ்சுவது ஓர் அம்பியர் என்று வைத்துக்கொள்வோம். காலியான 9 அம்பியர்-மணி பெட்டரி நிறைய ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓட்ட வேண்டும். தோட்டத்தில் இருந்து டவுனுக்கும், டவுனில் இருந்து பிள்ளைகளின் பாடசாலைக்கும் போய் வரும் பைக் அப்படி எங்கே ஓடப் போகிறது? பெட்டரி எப்போதும் அரைகுறையாகவே கிடக்கும். அரைகுறையாகக் கிடக்கும் ஈயத் தட்டுகளில் வெள்ளைப் படிவு இறுகிப் பிடித்து, கொள்ளளவு மாதத்துக்கு மாதம் சுருங்கும். அதிக விலை கொடுத்து வாங்கிய பெரிய பெட்டரி, சின்னதுக்கு முன்னால் சாவது இதனால்தான்.

சின்னதும் போடக் கூடாது. செல்ஃப் பைக்குக்கு 2.5 போட்டால் செல்ஃப் அடித்தே அதைக் கொன்றுவிடுவீர்கள்.

மேலே எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். 12என்5-3பி என்றால் 12 வோல்ட், 5 அம்பியர்-மணி. 6என்4 என்றால் 6 வோல்ட், 4 அம்பியர்-மணி. ஆனால் ஒய்டிஎக்ஸ் 5எல் என்று வரும் மூடிய பெட்டரியில் 5 என்பது அம்பியர் இல்லை, அதன் கொள்ளளவு 4தான். பெட்டிக்குள் உட்காருமா என்பதை நீளம், அகலம், உயரம் அளந்து பாருங்கள். பிளஸ் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். மாறியிருந்தால் வயர் எட்டாது. எட்ட வைக்கிறேன் என்று மாற்றிப் பூட்டினால் ரெக்டிஃபயர் அந்த நொடியே போகும்.

அசிட் ஊற்றும் பெட்டரியில் காற்றுக் குழாய் எந்தப் பக்கம் வருகிறது என்பதும் முக்கியம். குழாய் செயினுக்கும் சைலன்சருக்கும் படாமல் கீழே தொங்க வேண்டும், எங்கும் நசுங்கக் கூடாது. புதியதில் அந்தத் துளையை அடைத்திருக்கும் சிவப்பு மூடியைக் கழற்றாமல் பூட்டினால் பெட்டரி வெடிக்கும்.

கடையில் அசிட் ஊற்றிய உடனே பைக்கில் பூட்டி ஓட்டிவிடாதீர்கள். அரை மணி நேரமாவது ஊறவிட்டு, முதல் சார்ஜைச் சார்ஜரில் போட வேண்டும். இல்லாவிட்டால் அது ஒருபோதும் முழுக் கொள்ளளவுக்கு வராது. சார்ஜ் அளவு கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு: 5 அம்பியர்-மணிக்கு அரை அம்பியர். லொறிக்கும் வேனுக்கும் சார்ஜ் போடும் இடத்தில் கொடுத்தால், அவர்களிடம் அரை அம்பியர் சார்ஜர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 5, 10 அம்பியரில் போட்டால் தட்டுகள் வளைந்துவிடும்.

வற்றினால் டிஸ்டில் வாட்டர் மட்டும், மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில். மலை ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் தாது இருக்கிறது, பெட்டரிக்கு ஆகாது. அசிட்டை மறுபடி ஊற்றக் கூடாது, வற்றுவது தண்ணீர் மட்டும்தான். அசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஒவ்வொரு செல்லையும் பாருங்கள். நிறைந்த செல் 1.26 முதல் 1.28 வரை காட்டும். எல்லாம் ஒரே மாதிரிக் குறைந்திருந்தால் சார்ஜ் போட்டாலே போதும். ஒன்று மட்டும் 0.05 அளவுக்குத் தனியாகக் கீழே நின்றால் அந்தச் செல் போய்விட்டது.

பைக்கை ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் பெட்டரியைக் கழற்றி, நிறையச் சார்ஜ் போட்டு, வீட்டுக்குள் ஈரமில்லாத இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். மாதம் ஒருமுறை மீட்டரில் பார்த்து, 12.4க்கு இறங்கியதும் மறுபடி அதே அரை அம்பியரில் சார்ஜ் போடுங்கள்.